சேர்ந்த தேதி

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை
நான் புதிதாய்ப் பிறக்கிறேன்.
டெண்டர் மாறும்.
சட்டை முதுகில் கம்பெனிப் பெயர் மாறும்.
போன தடவை பச்சை, அதற்கு முன் மஞ்சள்,
இனி நீலமாம்.

ஆயர் ஈத்தாமில் அந்தப் பள்ளிக்கூடம் மாறாது.
மாடிப்படிக்குக் கீழே
தாழ்ப்பாள் இல்லாத கழிவறை மாறாது.
அதன் சுவரில் எழுதுகிற பையன்கள் மாறுவார்கள்,
கெட்ட வார்த்தை அதேதான்,
எழுத்துப்பிழையும் அதேதான்.

பதினைந்து வருஷம் கூட்டினேன்.
கூட்டிப் பார்த்தால் பூஜ்யம்.

குணாளன் கெட்டவன் இல்லை.
தீபாவளிக்கு வீடு தேடி வந்து
முறுக்கு மாவு கொடுத்துவிட்டுப் போன சூப்பர்வைசர்.
இந்தத் தடவையும் அவன்தான் கடிதம் கொண்டுவந்தான்.
நடுவில் சுக்கரேலா என்று ஒரு சொல்.
சொந்த விருப்பத்தோடு வேலையை விடுகிறேனாம்.
"போட்டா நாளைக்கே புதுக் கம்பெனியில வேலை, அக்கா."
போடாவிட்டால்?
குணாளன் கொடிக்கம்பத்தைப் பார்த்தான்.

நான்கு தடவை போட்டவள்தான் நான்.
விழுங்கத் தெரியாதவளா?
வீட்டுக்காரருக்கு நாற்பத்து நான்கு வயதில்
இடப்பக்கம் விழுந்தது.
யார் கதவைப் போய்த் தட்டுவது?
குளிப்பாட்டினேன், ஊட்டினேன்.
எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் பன்னிரண்டோடு நின்றுவிடும்,
வீடு பதினைந்தில்.
நாற்காலியோடு அவரைத் தூக்க வந்த சீனப் பையனுக்கு
இன்றுவரை பெயர் தெரியாது.
அக்டோபர் மழையில் நிற்காமல் போன பஸ்ஸை
வாயார வைதேன்,
அடுத்ததில் ஏறினேன்.
அதெல்லாம் சரி.

ஒன்றுதான் சரியில்லை.
யுகேந்திரனுக்கு மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை
என்று தெரிந்த இரவு,
"அப்பீல் போடலாம்மா, உங்க கையெழுத்துதான் வேணும்" என்றான்.
"விடுடா, நமக்கு எழுதினது அவ்வளவுதான்."
பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
இப்போது சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான்.
நல்ல சம்பளம்.
ஞாயிறு தவறாமல் போன் பண்ணுகிறான்.
அந்த இரவை மட்டும்
இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போகிறோம்,
ஈரத் தரையைச் சுற்றிப் போவதுபோல.

எனக்கு முன்னால் கா ரொஹானா போட்டாள்.
கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள்.
எங்கே, எங்கே என்று காகிதத்தைத் தடவிய விரலைப் பிடித்து
குணாளன் கோட்டின்மேல் வைத்தான்.
மெதுவாகத்தான் வைத்தான்.
அந்த மெதுவுதான் என்னை என்னவோ செய்தது.

பக்கவாதம் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.
மழை கேட்கவில்லை.
இது கேட்கிறது.
நான் எழுதித் தராமல்
இதனால் ஓர் அடி நடக்க முடியாது.

"அப்புறம் போடுறேன் தம்பி."
வீரமெல்லாம் இல்லை.
முழங்கால் ஆடியது.
வாளியில் குளோராக்ஸை அளவில்லாமல் ஊற்றிவிட்டு
மத்தியானம் முழுக்கக் கண் எரிந்தபடி நின்றேன்.
ரொஹானா பேசவில்லை.
எல்லாருடைய சோற்றிலும் மண் போடுகிறேன் என்று
கேண்டீன் பக்கம் யாரிடமோ சொன்னாளாம்.
தப்பென்று சொல்ல முடியவில்லை.
அன்று ராத்திரி வாடகையையும் மருந்தையும்
மூன்று விதமாய்க் கணக்குப் போட்டேன்.
மூன்றும் ஒரே இடத்தில் இடித்தன.

லேபர் ஆபீஸில் என் நம்பர் ஆயிரத்து அறுபத்து மூன்று.
பாரம் கொடுத்தார்கள்.
பையைத் துழாவினால் குணாளனின் பேனா,
அன்றைக்குத் தெரியாமல் கையோடு வந்துவிட்டது.
பெயர், அடையாள அட்டை எண், முகவரி.
வேலையில் சேர்ந்த தேதி.

2009, ஜனவரி ஐந்து.
அன்றைக்குக் குழாய் உடைந்து
வராந்தா முழுக்கத் தண்ணீர்.
கணுக்கால்வரை நின்று தள்ளினேன்.

கவுண்டர்ப் பெண் நிமிர்ந்தாள்.
"இந்தத் தேதியில் இந்தக் கம்பெனியே இல்லையே, அக்கா?"

"நான் இருந்தேன்" என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு
உள்ளே யாரையோ கேட்கப் போனாள்.
இன்னும் வரவில்லை.
நாற்காலி இரும்பு, ஏசி குளிர்.
உட்கார்ந்திருக்கிறேன்.