அரை மணி பின்னால்

காங்கயத்தில் எட்டரை என்றால்
கோகிலாவுக்கு எட்டு.
மாலத்தீவில் ஏதோ ஒரு தீவு.
வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினால்
விரல்தான் தெரியும்.

கணக்கு டீச்சர்.
இங்கே மெட்ரிக் பள்ளியில் பதினோராயிரம்.
அங்கே எவ்வளவு என்று கேட்கிற ஒறம்பரைக்கு
வீட்டுக் கடன் இன்னும் எவ்வளவு என்று
பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

வெள்ளியும் சனியும் அவளுக்கு விடுமுறை.
சனியும் ஞாயிறும் சம்முவுக்கு.
எனக்கு, மின்வாரியத்தில்,
கம்பி அறுந்து விழாத நாள்.
மூணு வட்டம் போட்டுப் பாருங்க,
மூணும் தொடற எடம்
ஒரு கொள்ளு அளவு இருக்கும்
என்றாள் ஒருநாள், சிரித்துக்கொண்டே.

அரிசி பருப்புச் சாதத்துக்கு அளவு கேட்டேன்.
"மூணுக்கு ஒண்ணு.
ரெண்டையும் கூட்டி மூணால பெருக்குங்க,
அது தண்ணி.
பூண்டுக்குக் கணக்கில்லீங்க."
முதல் மாதம் குழைந்தது.
அடுத்த மாதம் அடிப்பிடித்தது.
இப்போதெல்லாம் சம்மு
ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.
அதை மட்டும் நான் போனில் சொல்வதில்லை.

ராத்திரி, பின்னக் கணக்கைப் படமெடுத்து அனுப்புவோம்.
முப்பது பிள்ளைகளின் நோட்டு முடித்த அசதியில்
இவளுடையதையும் திருத்துவாள்.
ஒருதரம் சிவப்பில் வட்டம் போட்டுக்
கீழே, கை போன போக்கில்,
பெற்றோர் கையொப்பம் தேவை
என்று எழுதி அனுப்பிவிட்டாள்.
நானும் போட்டு அனுப்பினேன்.
அப்புறந்தான் ரெண்டு பேருக்கும் உறைத்தது.
அழைப்பில் கொஞ்ச நேரம்
அவள் அறையின் மின்விசிறி மட்டும்
பேசிக்கொண்டிருந்தது.

மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் ஐந்து வரை.
பேப்பரில் வரும் பட்டியலில் எங்கள் வீதியும் உண்டு.
சுவிட்சை இறக்குவது நான்தான்.
வீட்டில் வைஃபை பெட்டியின் பச்சைப் புள்ளி அணையும்,
திரையில் அம்மாவின் வாய்
பாதிச் சொல்லில் நின்றுவிடும்.
அது சனிக்கிழமையாக வாய்த்தால்
சாயங்காலம் எனக்குப் பூசை.
"ஊருக்கே கரண்டு நிறுத்தறவரு
நம்ம வீட்டுக்கு மட்டும் உட்டா என்னவாம் சாமி,
கேளு உங்கப்பாவ."
சாமி கேட்பாள், இடுப்பில் கை வைத்து.

ஆனி பிறந்தால் அங்கே சன்னல்கள் தட்டும்.
"காத்து கெளம்பிருச்சுங்க, கொடியில துணி விடாதீங்க"
என்று செய்தி வரும்.
கணவாய் வழி நுழைந்து
காற்றாலைகளைச் சுற்றிவிட்டு
எங்கள் கொடியை அது எட்டும்போது
துணியெல்லாம் உள்ளே இருக்கும்.
காற்று விஷயத்தில் அவள் எங்களுக்கு முந்தி.
நேரத்தில்தான் பிந்தி.

சமையலறைக் கடிகாரத்தை
என்றைக்கு மாற்றினாளோ சம்மு.
பள்ளி வேன் ரெண்டு நாள் விட்டுப் போன பிறகுதான்
கவனித்தேன்: அரை மணி மெதுவு.
கேட்டதற்கு, "இது அம்மாவோடது" என்றாள்,
தோசையைப் பிய்த்துக்கொண்டே.
அப்புறம் நான் கைக்கடிகாரம் கட்ட ஆரம்பித்தேன்.

விடுப்பில் வந்தாள் கோகிலா, பதினெட்டு நாள்.
முதல் காலையில் காபித் தூளைத் தேடினாள்.
இடம் மாற்றி வைத்திருந்தோம்.
ரெண்டாம் காலையில் அண்ணாந்து பார்த்து,
"ஒரு பேட்டரி போட உங்களுக்கு நேரமில்லீங்களா?"
கடைக்கு அவளே போய் வாங்கி வந்தாள்.
ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பிப்
புடவைத் தலைப்பால் கண்ணாடியையும் துடைத்தாள்.
சம்மு என்னைப் பார்த்தாள்.
நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.
சொல்லவில்லை, இரண்டு பேருமே.

கோவை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்புகையில்
அவினாசிபாளையம் தாண்டியும் யாரும் பேசவில்லை.
மூன்று நாள் கடிகாரம் சரியாக ஓடியது.
நான்காம் நாள் விடிகாலை
பால் காய்ச்ச எழுந்து வந்தவன்
இருட்டில் எதிலோ கால் இடித்துக்கொண்டேன்.

ஸ்டூல்.
அதன்மேல்
அவளுடைய கணக்கு நோட்டு ரெண்டு,
எட்டாத உயரத்துக்கு.