பெல்ட்டின் மறுபுறம்

குதைசி விமான நிலையத்தில் பதினோரு வருடமாகப்
பெட்டிகளின் வயிற்றைப் பார்க்கிறவள் நான்.
ஆரஞ்சு என்றால் ரொட்டி, துணி, புத்தகம்.
நீலம் என்றால் இரும்பு.
அக்ரூட்டைக் கோத்துத் திராட்சைப் பாகில் தோய்த்த சுர்ச்கேலாவை
ஒவ்வொரு பருவத்திலும் ஒரு புதுப் பையன்
வெடிகுண்டு என்று நினைத்து
வரிசையையே நிறுத்திவிடுவான்.

இன்று என் முறை.

மக்வாலா என்கிற பெண் கதவைச் சாத்தினாள்.
முன்பக்கம் திறக்கிற அங்கி. சங்கிலியைக் கழற்றணும்.
தட்டில் போட்டதும் என் கை
பழக்கத்தில் அதை முன்னே தள்ளுகிறது.

இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னாள்
(இதை தினம் சொல்கிறவள் நான்).
தோளுக்கடியில் ஒரு ஆப்புத் தலையணை.
"ஜெல்லைச் சூடாக்கியிருக்கிறேன்."
பாதிப் பொய். வெதுவெதுப்பாய் விழுந்து
நகர நகரக் குளிர்ந்தது.

சோப்புக் கட்டி அளவுக் கருவி,
காம்பிலிருந்து சக்கரத்தின் ஆரங்களாய்
வெளியே போய் உள்ளே வந்தது.
அக்குளில் நின்றது.
வலிக்கவில்லை. குளிக்கும்போது என் விரல் கண்டுபிடித்த
அந்த இடத்தில் மட்டும்
கொஞ்சம் கூடுதல் அழுத்தம்,
கொஞ்சம் கூடுதல் மௌனம்.

திரையில் ஆரஞ்சும் இல்லை, நீலமும் இல்லை.
மழை ஊறிய சாம்பல் வயல்.
நடுவில் கறுப்பாய் ஒரு குட்டை.
டக். படம் உறைந்தது.
கரைக்குக் கரை இரண்டு கூட்டல் குறிகள், இடையே புள்ளிக்கோடு.
ஒன்பது மில்லிமீட்டர்.
எங்கள் வேலையில் அந்த அளவுக்கு வேறு அர்த்தம்.

"என்ன தெரியுது?"
"டாக்டர் சொல்வார்."
அந்த முகம் எனக்குத் தெரியும்.
பெட்டிக்காரர் பெல்ட்டின் கடைசியில் நிற்க
"ஒரு நிமிஷம்" என்று மட்டும் சொல்கிற முகம்.
நான்தான் அதைப் பதினோரு வருடம் பழகினேன்.
அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒன்றுமிருக்காது,
மதியச் சாப்பாட்டு யோசனைதான்.
சில நாள் இருக்கும்.

காகிதத் துண்டு நீட்டினாள். துடைத்தேன்.
அரை மணிகூட ஆகவில்லை.

நடைக்கூடத்தில் நாற்காலிகள்.
சட்டைக்குள் மிச்ச ஜெல் காய்ந்து பொருக்காகிறது.
பக்கத்தில் இருந்தவள் பையைத் துழாவி
ஒரு சுர்ச்கேலாவை முறித்துப் பாதி தந்தாள்.
பார்க்காமல் வாங்கிக் கடித்தேன்.

கதவு திறந்தது. "நெஸ்தான் யாரு?"
வாய் நிறையக் கொட்டை.
மறுபடியும் கையைத் தூக்கினேன்.