முப்பத்தோராவது நிமிடம்

கோல் கோட்டில் நின்றிருந்தான் எலிசேயோ.
பந்து தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.
கை தானாக எழுந்தது,
அவ்வளவுதான்.
நடுவர் சட்டைப் பையைத் தொடும்போதே
அவன் குனிந்து காலுறையை இறக்கத் தொடங்கிவிட்டான்.

கிடைத்த பெனால்டியை எதிரணிப் பையன்
கம்பத்தில் அடித்தான்.
ஒன்றுக்குப் பூஜ்யம், வென்றோம்.
அன்றிரவு ஊரே அந்தக் கையைக் கொண்டாடியது.
காலையில் படிவம் என் மேஜைக்கு வந்தது.

நான் லோர்னா பெட்ரிக்.
நெப்ராஸ்காவில்,
காற்று திரும்பினால் இறைச்சி ஆலை மணக்கும் ஓர் ஊரில்
பள்ளி விளையாட்டு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம்.
ஒரு பந்தையும் உதைத்ததில்லை.
யார் உதைக்கலாம் என்பது மட்டும்
என் இழுப்பறையில் இருக்கிறது:
பிறந்த தேதி, போன பருவத்து மதிப்பெண்,
மருத்துவர் கையெழுத்து,
குடியிருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் ரசீது.
எலிசேயோ ட்சோக் வீட்டு ரசீதில்
வேறு யாரோ ஒருவர் பெயர்.
நான் கேட்கவில்லை.

தண்டனை, அடுத்த ஓர் ஆட்டம்.
சீருடை கூடாது.
செவ்வாயன்று சாம்பல் நிறச் சட்டையில்
படிக்கட்டின் மேல்வரிசையில் உட்கார்ந்தான்.
முப்பத்தோராவது நிமிடத்தில்
மேற்கே, தானியக் கோபுரத்துக்குப் பின்னால்
ஒரு மின்னல்.
அரைமணி காத்திருக்க வேண்டும் என்பது விதி.
இருபத்தேழு நிமிடம் ஆனபோது இன்னொன்று.
மறுபடி முதலிலிருந்து.
எட்டரைக்கு நடுவர்கள் காரைக் கிளப்பினார்கள்.
அந்த ஆட்டத்தை மறுபடி ஆட
யாரிடமும் நாள் இல்லை.

"உட்கார்ந்தேனே," என்றான் மறுநாள்.
"எல்லாரும் பஸ்ஸுக்குள் ஓடியபோதும்
நான் உட்கார்ந்திருந்தேன்."

மாநிலச் சங்கத்துக்குப் போன் செய்தேன்.
பக்கம் புரளும் சத்தம்.
"முடியாத ஆட்டம் ஆட்டமில்லை, மேடம்."
அப்படியானால் பையன் நனைந்தது?
"அது மழை," என்றார்.

அடுத்தது வெள்ளி. மாவட்டச் சுற்று.
தோற்றால் பருவம் முடிந்தது,
பன்னிரண்டாம் வகுப்புக்காரனுக்கு எல்லாமே முடிந்தது.
கோச் ஹவ்லிசெக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.
"முப்பத்தொரு நிமிடம், லோர்னா.
யார் எண்ணப் போகிறார்கள்?"

நான் எண்ணுவேன்.
போன வருடம் எண்ணினேன்.
மூன்றுக்கு ஒன்று என்று புல்லில் தோற்ற ஆட்டத்தைக்
காகிதத்தில் வென்றோம்.
எதிரணியின் பதினான்காம் எண்
இரண்டு ஆட்டம் உட்கார வேண்டியவன்,
ஒன்றுதான் உட்கார்ந்திருந்தான்.
எனக்கு அவன் எண் மட்டும் தெரியும்.
அன்று கோச் ஒரு டஜன் டோனட் வாங்கி வந்தார்.
நானும் இரண்டு தின்றேன்.

அதைச் சொல்லவில்லை.
அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்,
தொப்பியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைப் பட்டியலைத் தட்டச்சு செய்தபோது
எட்டாம் எண்ணுக்கு அடுத்து
விரல் அவன் பெயரை அடித்துவிட்டது.
தானாக.
கொஞ்ச நேரம் திரையில் இருந்தது.
அழித்தேன்.

அவன் அப்பா ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்,
வெள்ளை ரப்பர் பூட்ஸோடு.
மகன் களத்தில் இல்லை என்று யாரும் சொல்லவில்லை போல.
தேடித் தேடி, கடைசியில்
பக்கத்திலேயே கண்டுபிடித்தார்.

பூஜ்யத்துக்கு ஒன்று. நான்கு நிமிடம் மிச்சம்.
பந்து வேலியைத் தாண்டி அவர்கள் பக்கம் விழுந்தது.
எலிசேயோ இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு
படி படியாகக் குதித்து ஓடி வந்தான்.
வேலியில் நின்றான்.
எறிந்தான், எவ்வளவு தூரம்!
எங்கள் வீசுதல்கூட இல்லை அது.
அவர்களுடையது.

தோற்றோம்.

திங்கட்கிழமை கணினியில் எழுதினேன்:
தண்டனை நிறைவேறியது.
இன்று முதல் ஆடத் தகுதி உண்டு.
அதற்குக் கீழே ஒரு கட்டம், அடுத்த ஆட்டத்தின் தேதி.
காலியாக விட்டால் இயந்திரம் ஏற்கவில்லை,
சிவப்பாகச் சிமிட்டியது.

ஒரு கோடு போட்டேன்.
அதையும் ஏற்கவில்லை.