கோட்டை வாசலில் மான்

மழை விட்ட காலை. ஆமிக்காரன்
என் அடையாள அட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
அவன் முழங்கையை உரசிக்கொண்டு
ஒரு புள்ளிமான் உள்ளே போகிறது,
வாயில் யாரோ போட்ட வாழைப்பழத் தோல்.

மன்னார்ப் பக்கம் கடல் வற்றி
மணலும் புல்லுமாய்க் கிடந்த நாளில்
இதன் இனம் மேய்ந்துகொண்டே வந்தது.
ஒரு வாய் புல், ஓரடி.
நாடு கடக்கிறோம் என்று
ஒரு தலையும் நிமிர்ந்து பார்த்திராது.
யானையும் வந்தது. சிறுத்தை,
மானின் வாசம் பிடித்து வந்திருக்கும்.
எங்கேயோ பனி உருகி
வழி மூடியது, சத்தமில்லாமல்.

இந்தப் பக்கம் வழியே இருந்ததில்லை.
துறைமுகத்தில் ஆழம் அளக்கிறவன் நான்.
கொட்டியாரத்தில் படகு கொஞ்சம் விலகினால் போதும்,
கருவியின் கோடு
செங்குத்தாய் விழுந்துவிடும்.

பாறை முடிகிற இடம்வரை
மான் தினமும் போகும்.
அத்தனை தலைமுறை நடையும் அங்கே வந்து நின்று
கடலை ஒருமுறை முகரும்.
பிறகு திரும்பி
டிக்கெட் துண்டுகளைத் தின்னும்.

"எந்த ஊர்?" உடைந்த தமிழில் கேட்கிறான்.
கிண்ணியா என்கிறேன்.
பாலத்துக்கு அந்தப் பக்கம்.