ஏழாவது தட்டு

வியாழன் இரவு புதுத் தட்டு.
ஆறாவதைக் கழற்றி வைத்தேன்,
தண்ணீரில் வார்த்த மாதிரி ஒரு பல்வரிசை,
சோப்புப் பெட்டிக்குள் கிடந்து
இன்னும் யாரையோ கடித்துக்கொண்டிருந்தது.
ஏழாவது ஏறமாட்டேன் என்றது.
இரண்டு கட்டைவிரலாலும் அழுத்த, டொக்.
கீழ்வரிசையில் ஒன்று மட்டும்
வாடகை பாக்கி வைத்தவனைப் போல
வீட்டைக் காலி பண்ண மறுக்கிறது.

நாற்பத்திரண்டு வயதில் எதற்கு என்று
அக்கா கேட்டாள், தட்டச்சுப் பியசீலி கேட்டாள்,
கடன் படிவத்தை நீட்டிய வங்கிப் பையன்
கேட்காமல் கேட்டான்.
இருபத்தாறு தட்டு, பதினெட்டுத் தவணை.
தவணை எனக்குப் புதிதில்லை.
ஹட்டன் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் நான்,
நாளுக்கு நாற்பது பேரைத்
தவணை சொல்லி அனுப்புகிறவள்.

ஆனால் 'ச' போய்விட்டது.
சாட்சி தாட்சியாகிறது.
சேர் என்று கூப்பிட்டால்
தேர் வந்து நிற்கிறது.
டன்பார் மைதானத்துக்கு மேல் பனி இறங்கும் விடியலில்
குளியலறைக் கண்ணாடிக்கு
ஐம்பது தடவை சத்தியம் செய்தேன்.
கண்ணாடி நம்பவில்லை.

பெரிய வழக்கு, தேத்தண்ணி.
மாட்டிக்கொண்டு குடித்தால் கறை ஏறும்,
கழற்றிக் குடித்தால் கடிகாரம் ஓடும்.
நாளுக்கு இருபத்திரண்டு மணித்தியாலம்
வாய்க்குள் இருக்கவேண்டும், கண்டி டாக்டரின் தீர்ப்பு.
எந்த ஜன்னலைத் திறந்தாலும் தேயிலை,
நான் ஆறிய தண்ணீர் குடிக்கிறேன்.
"சுகமில்லையா மிஸ்?"
கன்டீன் நசீர் நானா நாலாம் நாளாக.

வெள்ளி. வழக்கு இலக்கம் பதினொன்று.
மருதவீரன், கொழுந்து லொறிக் கிளீனர்.
சம்பள நாள் சண்டையில் முன்பல் இரண்டும் போனது.
பல் உடைந்தால் பாரதூரமான காயம்,
சட்டத்தில் இருக்கிறது.
கூண்டில் ஏறி
"தத்தியமா தொல்றேன் தேர்" என்றான்.
சிங்களத்தில் சொன்னேன்.
அந்த மொழிக்கும் ஒரு ஸ உண்டு,
அவன் வழுக்கிய அதே இடத்தில்
நானும் வழுக்கினேன்.
"தம்பவம் நடந்தது எங்கே?" என்று
அவனிடமே தமிழில் கேட்டபோது
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
பிறகு வாங்கு முழுவதும்.
நீதவான் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
மருதவீரன் பார்த்தான்.
எதிர்க்கூண்டில் நின்ற, அடித்தவனைக்கூட
அவன் அப்படிப் பார்க்கவில்லை.

சொன்னதைச் சொல்லவேண்டும்,
சேர்க்கக்கூடாது, விடக்கூடாது.
எனக்கென்று ஒரு வாக்கியம்
அந்த மண்டபத்தில் கிடையாது.
சுவர்ப்பக்கம் திரும்பிக் கழற்றிக்
கைக்குட்டைக்குள் போட்டேன்.
அடுத்த கேள்வியிலிருந்து
என் 'ச' எல்லாம் திரும்பி வந்தன,
கழுவி அடுக்கிய கிளாஸ் மாதிரி.
அது இன்னும் மோசம்.
இப்போது அவனுக்கு நிச்சயம்,
வேண்டுமென்றுதான் செய்திருக்கிறாள்.

தவணை ஒக்டோபர் பதினாலு.
படிக்கட்டில் ஓடிப் பிடித்தேன்.
எச்சில் இழை தொங்கத் தட்டைக் காட்டினேன்,
மாட்டினேன், டொக்.
"இப்ப கேளுங்க தம்பி. தாட்சி. தத்தியம். தேர்."
பின்னால் யாரோ குடையை உதறினார்கள்.
அவன் குனிந்து, இஞ்சினுக்குள் பார்ப்பதுபோல்
என் வாய்க்குள் பார்த்தான்.
"எல்லாப் பல்லும் இருக்கே மித், பிறகு எதுக்கு?"
வளைஞ்சிருந்தது என்றேன்.
"எவ்வளவு?"
பாதியைச் சொன்னேன்.
பாதிக்கே விசிலடிக்கப் பார்த்தான்,
காற்றுதான் வந்தது.
சிரித்துவிட்டோம்.
பழக்கத்தில் என் கை வாயை மூடப் போனது.
அவன் கை போகவில்லை.

பிளேன்டீ ரெண்டு, சொன்னது அவன்.
மறுபடி கழற்றினேன்.
காலையிலிருந்து எத்தனை நிமிடம் போனது என்று
எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
கருப்பட்டித் துண்டைக் கடைவாய்க்கு ஒதுக்கி
அவன் குடித்தான்.
சாயம் நல்ல சாயம்.
காலி பண்ணாத அந்தப் பல்லில்
சூடு பட்டுக் கூசியது.