வாக்குமூலத்தின் கீழே

எங்கேயோ ஒரு நாட்டில்
ராணுவம் ஆட்சியைப் பிடித்ததற்கு
நீ ஏன் காந்தி பூங்காவில்
மெழுகுதிரி பிடித்தாய்?

இதுதான் முதல் கேள்வி.
தமிழில் சொல்லும்போது
மொழிபெயர்ப்பவருக்குச் சிரிப்பு வந்தது.
இருமி மறைத்தார்.

பதினொரு பேர் நின்றோம்.
வாவிக்காற்றில் ஒரு திரியும் நிலைக்கவில்லை.
றிஸ்மியா குடையை விரித்துச் சரித்துப் பிடித்தாள்.
அதற்குள் ஒன்று மட்டும்
ஐந்து நிமிடம் எரிந்தது.
அதையும் படமெடுத்து
வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள், கறுப்பு வெள்ளைப் பிரதி.
குடை யாருடையது? என்ன நிறம்?
மறந்துவிட்டேன் என்றேன்.

அங்கே பிடிபட்டவர்களின் பெயர்களை
நான்தான் வாசித்தேன்.
வாய்க்குள் அடங்காத பெயர்கள்.
ஒருவர் மாவட்ட நிருபர், என்னைப்போல.
விடியற்புறம், உடுத்த சாரத்தோடு ஏற்றிப்போனார்களாம்.
சாரம் என்ற சொல்லில் என் குரல் உடைந்தது.
ஏனென்று இந்த ஊரில்
ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒரு செய்திக்கு எவ்வளவு தருகிறார்கள்?
முந்நூறு.
படத்தோடு?
ஐந்நூறு.
அதிகாரி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
வெளிநாட்டுக் காசு எங்கே என்று கேட்க
அவருக்கே மனம் வரவில்லை போல.
ஆனாலும் கேட்டார்.

ஐந்து மணித்தியாலம். ஒரு பிளேன்ரீ.

பிறகு ஏழு பக்கங்களை நீட்டினார்கள்.
முழுக்கச் சிங்களம்,
வட்டம் வட்டமாய் அழகான கையெழுத்து.
அதில் என் பெயர் எங்கே இருக்கிறது என்றுகூட
எனக்குத் தெரியவில்லை.
கையொப்பம் வை, போகலாம்.

டிப்பர்கள் ஆற்று மணலை அள்ளுவதாய் எழுதினால்
டிப்பரை வெட்டிவிட்டு
ஆற்றை மட்டும் போடும் பத்திரிகைக்கு
பதினாறு வருடம் எழுதியவள் நான்.
கடைசிப் பந்திக்கு எப்போதும் இடமிருக்காது.

இங்கே இருந்தது,
கையொப்பத்தின் கீழே மூன்று விரற்கடை.
தமிழில் எழுதினேன்:
மேலே உள்ளதை என்னால் வாசிக்க முடியாது.
வாசித்துக் காட்டவும் இல்லை.
நேரம் பின்னேரம் 4.20.
சு. யோகமலர், மட்டக்களப்பு நிருபர்.

என்ன எழுதுகிறாள் என்று அதிகாரி கேட்டார்.
மொழிபெயர்ப்பவர் குனிந்து
கடைசிச் சொல்வரை வாசித்தார்.
"விலாசம், சேர்."

கோப்பை மூடி நாடா கட்டினார்கள்.
ஒரு சொல்லும் வெட்டுப்படாமல்
என் செய்தி உள்ளே போனது.

போனைத் திருப்பித் தரவில்லை.
காத்தான்குடி பஸ்ஸில் நின்றபடி போகிறேன்.
றிஸ்மியாவிடம் நேரில் சொல்லவேண்டும்:
நிறம் இன்னும் அவர்களுக்குத் தெரியாது.