மூன்றாவது நாற்காலி

மூன்றாவது நாற்காலி என்னுடையது,
ஹீட்டரை ஒட்டி.
வெளியே மொன்றியலில் சைபருக்குக் கீழே இருபத்தாறு.
யன்னல் பனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம்,
அதற்குள் ஒரு பேருந்தின் பின்பக்கம்.

டொக்டர் பிரெஞ்சில் கேட்கிறார். முப்பது வயதிருக்கும் பெடியன்.
நான் தமிழில் கேட்கிறேன்.
திலகேஸ்வரி, ஐம்பத்தொன்று,
சபனெல் தெருவில் திரைச்சீலை தைப்பவர்,
என்னைப் பார்த்தே பதில் சொல்கிறார்.
டொக்டரைப் பார்த்துச் சொல்லுங்கோ என்பது விதி.
சொன்னேன். பார்க்கவில்லை.

'வெப்ப அலைகள் உண்டா' என்று நான் கேட்டிருக்க வேண்டும்.
'திடீரெண்டு உடம்பு பத்தி எரியிறமாதிரி வாறதோ அக்கா'
என்று வந்துவிட்டது.
அக்கா என்பதும் விதியில் இல்லை.

'எரியிறதோ!
மெசினுக்கு முன்னால இருக்கேக்க
நெஞ்சுக்குள்ள ஆரோ அடுப்பு மூட்டினமாதிரி.
முகமெல்லாம் தண்ணி.
சூப்பவைசர் வந்து கேக்கிறான்,
வீட்டில ஆரும் செத்துப்போச்சினமோ எண்டு.'

அடுப்பை அடுப்பாகவே பிரெஞ்சில் கொண்டுபோய் வைத்தேன்.
டொக்டர் ஒரேயொரு சொல் எழுதினார்.

அடுத்த கேள்வியில் நின்றேன்.
மாதவிடாய் என்றால் எட்டாம் வகுப்புப் புத்தகம்.
தீட்டு என்றால் ஒரு மூலை, ஒரு தனிக்கோப்பை.
'அது கடைசியா எப்ப வந்தது?'
என்று கேட்டேன்.
அது என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது.
'ஆடியில ஒருக்கா. பிறகு ஐப்பசியில.
போட்டுது எண்டு நினைச்சிருக்க
கடன்காரன்மாதிரி வந்து நிக்குது.'

முழுதாகப் பன்னிரண்டு மாதம் வராமல் இருக்கவேண்டும், என்றார் டொக்டர்.
நடுவில் ஒருதரம் வந்தாலும்
முதலிலிருந்து எண்ணவேண்டும்.
சொல்லிக்கொண்டே
கோப்புக்குக் கீழே என் விரல்கள் எண்ணின.
நான் ஏழில் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் தொலைந்தது.
இரவு வேர்த்தால் மாற்றுவதற்கு
இன்னொரு... இன்னொரு...
பதினெட்டு வருடம் இந்த வேலை.
நீதிமன்றத்தில், பிரசவ அறையில், சவக்காலையில்
ஒரு சொல்லையும் கீழே விட்டதில்லை.
'தலைக்கு வைக்கிறது' என்றேன்.
'அதுக்குப் போடுறது.'

கழுத்திலிருந்து ஏறத் தொடங்கியது.
மேல் பொத்தானைக் கழற்றினேன்.

திலகேஸ்வரி என் காதோர மயிரைப் பார்த்தார்,
நனைந்திருந்தது.
'உங்களுக்கும் உதுதானோ பிள்ளை?'

அறையில் பேசப்படும் எல்லாவற்றையும்
பெயர்க்க வேண்டும் என்பது முதல் விதி.
உரைபெயர்ப்பாளருக்கும் இதுதானா என்று
நோயாளி கேட்கிறார், என்றேன் டொக்டரிடம்,
படர்க்கையில், நேரான குரலில்.

அவர் படிவத்தைப் புரட்டினார்.
அதற்குக் கட்டம் இல்லை.
எழும்பிப்போய் யன்னலை இழுத்தார்.
பனியில் இறுகியிருந்தது.
முட்டியால் ஒரு குத்து, பிறகு இன்னொரு குத்து.
தை மாதம் முழுக்க
மேசைக் கடுதாசிகளின் மேலால் உள்ளே வந்தது.
'ஆ' என்றார் திலகேஸ்வரி.
நானும் சொல்லியிருப்பேன்.
அதை நான் பெயர்க்கவில்லை.

காதுமடல் சிவக்கச் சிவக்க
டொக்டர் மிச்சத்தைச் சொன்னார்:
ஹோர்மோன் மருந்து, அதற்குமுன் இரத்தப் பரிசோதனை,
நடை, பருத்தி உடுப்பு, தேத்தண்ணியைக் குறைப்பது.
'மற்றதெல்லாம் சரி' என்றார் அவர்.
'தேத்தண்ணிக் கதை வேண்டாமெண்டு சொல்லுங்கோ.'
சொன்னேன்.

என் படிவத்தில்
நேரம்: நாற்பத்தைந்து நிமிடம். மொழி: தமிழ்.
குறிப்பு என்ற இடத்தை வெறுமையாக விட்டேன்.
லிஃப்டில் இறங்கும்போதுதான்
தலையணை உறை
என்று வந்தது.
அந்த மனுசிக்கு நான் இன்னும்
ஓம் என்று சொல்லவில்லை என்பதும்.